குடும்ப டிக்கெட்

"நீங்க மூணு பேரும் ஒரே குடும்பமா?" என்று டிக்கெட் கொடுக்கிற பெண் ஒருநாள் கேட்டாள். கேட்டது அம்மாவாகிய இவளிடம். கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் வம்புக்காகக் கேட்கவில்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுப்பதைவிட, அம்மாவையும் சேர்த்து ஒரே குடும்ப டிக்கெட்டாக எடுத்தால் விலை குறைவு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். இவள், பக்கத்தில் நின்ற மகளின் அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற மகள்தான், "ஆமா, ஒரே குடும்பம்தான்" என்று முந்திக்கொண்டு சொன்னாள். அப்போது விவாகரத்து ஆகி நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மூன்று பேர் மணிக்கட்டிலும் ஊதா மையில் ஒரு முத்திரை விழுந்தது.

ஏற்பாடு என்னவோ எளிமையானதுதான். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மகள் அப்பாவோடு இருக்க வேண்டும். அவருடைய அறை ஊரின் ஒரு கோடியில், இவளுடைய வீடு இன்னொரு கோடியில். நடுவில் இந்தப் பெரிய வீடு. எந்தக் காலத்திலோ ஒரு கப்பல் முதலாளி கட்டிய மாளிகை. அவர் வம்சம் அற்றுப்போன பிறகு, கட்டில் மேசையோடு அப்படியே பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். சுற்றிலும் பெரிய தோட்டம். வாசலுக்கு எதிரில் இரண்டு பக்கமும் பஸ் நிற்கும். வாசலில் மகளை ஒப்படைத்துவிட்டு இவள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் பேச்சு. அன்று மகள் சொன்ன ஒரு "ஆமா"வினால் இவளும் உள்ளே போக வேண்டியதாயிற்று. பத்து நிமிடம் கழித்து நழுவிவிடலாம் என்று நினைத்துத் தோட்டத்தின் கடைசிக்குப் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் செடி வளர்க்கிற கொட்டகையை ஒட்டி ஒரு நீளமான மர பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் எதையும் எடுத்துக் கொடுக்கச் சொல்லவில்லை. சாயங்காலம் மூடுகிற மணி அடிக்கிறவரை அங்கேயே இருந்துவிட்டாள். அடுத்த முறை பிளாஸ்க்கில் டீ போட்டு எடுத்து வந்தாள்.

அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. காலையில் மூன்று பேரும் சேர்ந்து உள்ளே நுழைவார்கள். அப்பாவும் மகளும் அறை அறையாகச் சுற்றுவார்கள். இவள் பெஞ்சில். மத்தியானம் பெஞ்சிலேயே மூவரும் சாப்பிடுவார்கள். ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சு. மறுபடி அவர்கள் சுற்றப் போவார்கள். ஊழியர்களுக்கு எல்லாம் இந்தக் குடும்பம் அத்துப்படி. போன வருடம் யாரோ இவர்களைக் கேட்காமலே ஒரு படம் எடுத்து, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, 'குடும்பத்தோடு ஒரு இனிய நாள்' என்று எழுதி வாசலில் மாட்டிவிட்டார்கள். அவர் ஆரஞ்சு உரிக்கிறார், மகள் வாயைத் திறந்து காத்திருக்கிறாள், இவள் எதற்கோ சிரிக்கிறாள். அடுத்த வீட்டு அக்கா அந்தப் பக்கம் பஸ்ஸில் போனபோது பார்த்துவிட்டு வந்து, "என்னடி, மறுபடி சேர்ந்துட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா!" என்று கோபித்துக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. டிக்கெட் விலை குறைஞ்சுதேன்னு சிரிச்ச சிரிப்பு அது" என்றாள் இவள். அக்கா நம்பவில்லை. இவள் சொன்னதை நம்புகிற மாதிரி அந்தப் படமும் இல்லை.

இந்த ஞாயிறு அந்தப் படத்தைத் தாண்டும்போது இவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. காரணம் இருந்தது. புதன்கிழமை அவர் போன் செய்திருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவரை வேறு ஊருக்கு மாற்றுகிறார்களாம். தங்குவதற்கு வீடும் தருகிறார்களாம், இரண்டு அறை. "வீட்டுக்கு எதிர்லயே ஸ்கூலு. எங்க அக்கா அடுத்த தெருவுலதான் இருக்கா, சாயங்காலம் அவ பாத்துப்பா. பொண்ண நான் கூட்டிட்டுப் போலாம்னு நினைக்கிறேன். நீ ஒடனே பதில் சொல்ல வேணாம். ஞாயித்துக்கிழமை மூணு பேரும் உக்காந்து பேசலாம். நீ இல்லாம நான் அவகிட்ட வாயத் திறக்க மாட்டேன், அது சத்தியம்" என்றார். சத்தியம் என்றால் சத்தியம்தான். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

போனை வைத்த பிறகு இவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. முதலில் வந்தது தூக்கத்தைப் பற்றிய நினைப்புதான். அப்படியானால் காலையில் அஞ்சு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம், தலை பின்னிவிட வேண்டாம், ரெண்டாவது ஷிப்டு முடிந்து வந்து வீட்டுப்பாடம் பார்க்க வேண்டாம், வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் விழுந்து படுக்கலாம். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக, கூப்பிடாமலே வந்து வரிசையில் நின்றன. பெற்ற வயிறு நினைக்கிற நினைப்பா இது என்று தன் தலையிலேயே ஒன்று வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய் மகளின் யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டாள். போடும்போதும் அந்த நினைப்பு போகவில்லை.

இவள் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழுகிற படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. அது இரண்டு பேர் செய்கிற வேலை. நாலு மூலையில் ஆளுக்கு இரண்டைப் பிடித்து, ஒரு உதறு உதறி, நடுவில் வந்து சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் இவளுடைய ஜோடிக்காரி முதுகு வலி தாங்காமல் நின்றுவிட்டாள். வேறு ஆள் போடவில்லை. இவளே சுவரில் இரண்டு ஆணி அடித்து, எதிர் மூலைகளை அதில் மாட்டிவிட்டுத் தனியாக மடிக்கக் கற்றுக்கொண்டாள். ஆணி நடுவில் வந்து சேராது. எல்லா நடையும் இவள்தான் நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு ரெண்டு ஷிப்டு நடந்தாள்.

மகளுக்குப் பதினோரு வயது. ஓயாமல் பேசுகிறதால் மைனா என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அவள் வாசலிலேயே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு நீ பெஞ்சுக்குப் போகக் கூடாது. நான்தான் உனக்குச் சுத்திக் காட்டுவேன். ரெண்டு வருஷமா வர, கட்டில்கூடப் பாத்ததில்ல நீ."

"கட்டில்தான, அது தெனமும் ஆஸ்பத்திரில பாக்குறேன்."

"இது கப்பல் முதலாளி கட்டிலு. வா."

போனாள். படி ஏறும்போது முழங்கால் கடுத்தது. மகள் முன்னால் பின்னோக்கி நடந்தபடி, இரண்டு கையையும் விரித்து, ஊழியர்கள் சொல்கிற பாடத்தை அச்சுப் பிசகாமல் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். சாப்பாட்டு அறையில் மெழுகுப் பழங்கள் வைத்த நீண்ட மேசை. சமையலறையில் தட்டுகளைக் கயிற்றில் மாடிக்கு இழுக்கிற ஒரு சின்னப் பெட்டி. அதன்முன் அவர் வழக்கம்போல் நின்றுவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, "கயிறு மட்டும் மாத்தினா போதும், இன்னும் அம்பது வருஷம் ஓடும்" என்றாள். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்ததை ஒருவரிடம் ஒருவர் மறைத்துக்கொண்டார்கள்.

படுக்கையறையில் கட்டிலைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு நாற்காலியில் காவல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். "அந்தக் காலத்துல இருந்தபடியே இருக்கு, ஒண்ணையும் மாத்தல. தொடக் கூடாதும்மா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. இவள் கட்டிலைப் பார்க்கவில்லை, விரிப்பைத்தான் பார்த்தாள். கால்மாட்டு மூலை மடிப்பு தப்பாக இருந்தது. ஓரத்தில் ஒரு நீலத் தையல் ஓடியது.

"இது எங்க ஆஸ்பத்திரி துணியாச்சே" என்றாள்.

காவல்காரம்மா கண்ணைத் திறந்தாள். "என்னது?"

"இந்த நீலத் தையல் எங்களுக்குன்னு போடுறது. கழிச்ச துணிய ஏலத்துல விடுவாங்க. ஒரு வருஷம் முன்னாடி இதையே நான் மடிச்சிருப்பேன்."

"மெதுவாப் பேசும்மா, புண்ணியமாப் போகும்" என்றாள் காவல்காரம்மா. "அந்தக் காலத்துத் துணிய எலி கடிச்சுப்போச்சு. இத்தன பேர் வந்து பாக்குறாங்க, ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல. நீ ஒருத்தி வந்து சேந்த." மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இவளுக்கு அந்த மூலையை மட்டும் ஒரு தரம் இழுத்துச் செருகிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. கூடவே, கயிற்றைத் தாண்டிப் போய் அந்தக் கட்டிலில் படுத்துவிட வேண்டும் என்றும் இருந்தது. நின்றபடியே கண் இருட்டியது. "எனக்கு முடியலடா. நான் பெஞ்சுல இருக்கேன், நீங்க பாத்துட்டு வாங்க" என்று இறங்கிவிட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஊற்றியது நினைவிருக்கிறது. குடித்தது நினைவில்லை.

விழித்தபோது நிழல் இடம் மாறியிருந்தது. டம்ளரில் டீ ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. பெஞ்சின் அந்த முனையில் அவர் உட்கார்ந்திருந்தார். மகளைக் காணோம்.

"மைனா எங்க?"

"கொளத்துகிட்ட. மீனுக்கு ரொட்டி போடுறா. நாங்க சாப்ட்டோம். ஒனக்கு எடுத்து வெச்சிருக்கு." சாப்பாட்டுப் பெட்டியை இவள் பக்கம் நகர்த்தினார். அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. பழைய கட்டடம் ஒன்றில் நாள் முழுக்க மல்லாடிய பிறகு லிஃப்ட் முதல் தடவை அசைந்து மேலே போகும்போது வருமே, அந்த முகம். கல்யாணமான புதிதில் இவளை ஒரு தடவை அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறார்.

"கேட்டுட்டேன்" என்றார்.

"எத?"

"அதான். அவகிட்ட. வரேன்னுட்டா."

இவளுக்குத் தூக்கம் முழுதாகத் தெளிந்தது. "நான் இல்லாம கேக்க மாட்டேன்னு சொன்னீங்களே."

"நீ இங்கதான இருந்த?"

"தூங்கிட்டு இருந்தேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? கண்ண மூடிட்டு ஒக்காந்திருந்த. நீ எப்பவும் அப்படித்தான கேப்ப?"

அதுவும் உண்மைதான். குடித்தனம் நடத்திய பன்னிரண்டு வருடமும், அவர் ஏதாவது பெரிய பேச்சு எடுத்தால் இவள் கண்ணை மூடிக்கொள்வாள். பிடிக்காத பேச்சு என்றால் இன்னும் இறுக்கமாக. ஒரு வார்த்தை விடாமல் காதில் விழும், பதில் மட்டும் வராது. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள அவரும் பழகிவிட்டார். அப்படி எடுத்துக்கொண்டு எடுத்துக்கொண்டுதான் கடைசியில் கோர்ட்டு வரைக்கும் வந்து நின்றது.

"எல்லாத்தையும் ஒன் முன்னாடிதான் சொன்னேன். ஸ்கூலு, வீடு, அக்கா, எல்லாம். ஒன்னையும் பாத்துப் பாத்துத்தான் பேசினேன். அவ சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் ஒங்கிட்டேர்ந்து குறட்டை வந்துச்சு."

இவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஒடனே சரின்னாளா?"

"ஒடனேன்னா... கொஞ்ச நேரம் ஒன்னையே பாத்துட்டு இருந்தா. அப்புறம் சரி வரேன்னா. நான் வற்புறுத்தல. கேட்டதே ஒரு தடவைதான்." பெஞ்சின் விளிம்பை விரலால் தேய்த்தார். "எங்கிட்ட வருவான்னு நான் நினைக்கவே இல்ல. ரெண்டு வருஷமா மாசத்துக்கு ரெண்டு நாள் பாக்குற அப்பன் நான். அக்காவுக்கு அப்பவே போன் பண்ணிட்டேன். ஜன்னல் பக்கத்து அறைய அவளுக்குக் குடுத்துடலாம். என்ன கலர் வேணும்னு இனிமேதான் கேக்கணும்."

எடுத்து வைத்திருந்த ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். இதைத்தானே புதன்கிழமையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்? இவள் வாய்விட்டுக் கேட்காமலே நடந்துவிட்டது. பழியும் இவள்மேல் இல்லை. இனி எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுந்திருக்கலாம். ஆனால் இருட்டில் ஒரு படியைத் தவறவிட்ட மாதிரி இருந்தது.

மகள் ரொட்டித் தூள் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அம்மா விழித்திருப்பதைப் பார்த்ததும் நடை தயங்கியது. வழக்கமாக நூறு பேச்சோடு வருகிறவள், வந்து சும்மா நின்றாள்.

"அப்பாகூடப் போறியாமே?"

"ம்."

"பிடிச்சுத்தான் போறியா?"

"அங்க ஸ்கூலு எதிர்லயே இருக்கு. அத்தை அடுத்த தெருவுல இருக்காங்க. ஜன்னல் பக்கத்து அறை." பாடம் ஒப்பிக்கிற அதே குரல்.

"அது அப்பா சொன்னது. நீ ஏன் சரின்ன, அதச் சொல்லு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறினாள். "நீதான் தூங்கவே மாட்டேங்கிறியே" என்றாள்.

"என்னது?"

"நீ படுத்தாலும் தூங்குறதில்லம்மா. கண்ண மூடிட்டே துணி மடிக்கிற. என் போர்வைய இழுத்து நாலு மூலையையும் சேத்து மடிச்சு வெச்சுடுற. ஒருநாள் நான் உள்ள இருக்கும்போதே மடிச்ச." அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "இங்க வந்தாத்தான் நல்லாத் தூங்குற. ஏன்னா இங்க நான் அப்பாகிட்ட இருக்கேன்ல. அதான் பாத்தேன். நான் அப்பாகிட்டயே இருந்துட்டா நீ வீட்லயும் தூங்குவ."

தோட்டத்தின் எந்த மூலையிலோ குழாயில் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது. இவள் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொள்ளலாம் என்று கையை நீட்டினாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது. புதன்கிழமை மனசுக்குள் வந்து வரிசையில் நின்றதையெல்லாம் இந்தப் பிள்ளை எங்கிருந்து பார்த்தது? இல்லை என்று சொல்ல வேண்டும். உன்னால் ஒன்றும் என் தூக்கம் போகவில்லை என்று சொல்ல வேண்டும். அது முழுப் பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை. இவள் கண்கள் தானாக மூடப் பார்த்தன. மூடவிடாமல் பிடித்து நிறுத்தினாள்.

"ஏம்ப்பா," என்று மகள் அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள். சாதாரணமாக, மருந்து எத்தனை வேளை என்று கேட்கிற மாதிரி. "அம்மா எத்தன நாள் தூங்கினா சரியாகும்? சரியானதும் நான் திரும்பி வந்துடலாம்ல?"

இவள் அவரைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. சற்று முன்னால் பார்த்த அந்த முகம் இப்போது இல்லை. பதிலுக்கு இவள் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் போல, அவருக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டும். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். மூடியை ஒரு பக்கம் அழுத்தினார், மறு பக்கம் அழுத்தினார், நாலு பக்கமும் சரியாக மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இவள் பக்கத்தில் வைத்தார். மகளின் தலையில் கையை வைக்கப் போனவர், வைக்காமல் எழுந்து நின்றார்.

"என்னங்க" என்றாள் இவள். பிரிந்த பிறகும் அந்த 'ங்க' மட்டும் பிரியவில்லை. "பேசிக்கலாம். ஒக்காருங்க."

அவர் நடந்தார். சரளைக்கல் பாதை கொட்டகையைச் சுற்றிப் போகும். அவர் அதில் போகவில்லை. வாசல்வரைக்கும் விரித்துப் போட்டாற்போல் கிடந்த புல்வெளியில் நேராக இறங்கிவிட்டார். மிதிக்கக் கூடாது என்று நாலு பக்கமும் பலகை வைத்திருந்தார்கள். மகள் ஓரத்தில் ஒரு விரலை வைத்தாலே அதட்டுகிற மனுஷர். தோட்டக்காரர் தண்ணீர் விட்டு அரை மணிகூட ஆகியிருக்காது. காவலாளி வாசலிலிருந்து விசில் ஊதினார். இன்னொரு தரம், இன்னும் பலமாக ஊதினார். புல்வெளிக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்த குடும்பங்கள் எல்லாம் நின்று பார்த்தன.

அவர் திரும்பவே இல்லை. வாசலைத் தாண்டி, இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் மறைந்தார். மகள் புல்லின் ஓரம் வரைக்கும் ஓடிப் போய், பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈரப் புல்லில் அவர் மிதித்த தடம் ஒவ்வொன்றும் கருப்பாக, வரிசையாகத் தெரிந்தது. அழுந்திய புல், கிட்டத்தில் இருந்த தடத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.